கொட்டுவதற்கு முன் ஒரு துளி

(கோவையில் நகைப் பட்டறைத் தொழிலாளர்களும் வேதியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் பட்டறைக்காரர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்னால் கல்லூரி மாணவர்கள். நீங்கள் இருவரும் ஒரே சரக்கைத்தான் கையாளுகிறீர்கள், பெயர்தான் வேறு. பட்டறையில் அன்னபேதி என்றால் ஆய்வகத்தில் ஃபெரஸ் சல்ஃபேட். நவச்சாரம் என்றால் அம்மோனியம் குளோரைடு. இன்று நான் பேசவிருப்பது ஆசிட்டில் கரைந்துபோன தங்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைப் பற்றி. இதில் பட்டறைக்குத் தெரிந்தது பாதி, கல்லூரிக்குத் தெரிந்தது பாதி. இரண்டும் ஒரே அரங்கில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் கல்லூரியில் பணியில் இருந்தபோது, ஒரு பட்டறை இளைஞர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஆசிட் தண்ணீர். அரப்பொடியைக் கரைத்துத் தங்கத்தை இறக்கி எடுத்த பிறகு மிஞ்சியது என்றார். இதில் இன்னும் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நான் அலமாரியிலிருந்து ஸ்டானஸ் குளோரைடு குப்பியை எடுத்து, வடிதாளில் அந்தத் தண்ணீரை ஒரு துளி வைத்து, மேலே ஒரு துளி விட்டேன். நிறம் எதுவும் வரவில்லை. "கொட்டிடலாங்களா சார்?" என்றார். "கொட்டிடுங்க தம்பி" என்றேன்.

அடுத்த வாரம் செய்முறை வகுப்பில், நாங்களே தயாரித்துவைத்திருந்த தங்கக் குளோரைடு கரைசலில் அதே குப்பியிலிருந்து ஒரு துளி விட்டுக் காட்டினேன். அதிலும் நிறம் வரவில்லை. கண்ணெதிரே தங்கம் இருந்தும் அந்தக் குப்பி வாய் திறக்கவில்லை. எத்தனை மாதங்களுக்கு முன்பே அது செத்துப்போயிருந்ததோ! அந்த இளைஞருக்குச் சொல்லியனுப்பியபோது கேன் காலியாகிவிட்டிருந்தது. அதில் எவ்வளவு தங்கம் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கம் இருந்ததா என்பதுகூடத் தெரியாது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் "இல்லை" என்று ஒரு சோதனை சொன்னால், "உனக்கு ஆம் என்று சொல்லத் தெரியுமா" என்று முதலில் அந்தச் சோதனையைக் கேட்காமல் நான் நம்புவதில்லை. இன்று உங்கள் முன் வந்து நிற்பதும் இதைச் சொல்லத்தான்.

தங்கம் தனி நைட்ரிக்கில் கரையாது. தனி ஹைட்ரோகுளோரிக்கிலும் கரையாது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கும் ஒரு பங்கு நைட்ரிக்கும் சேர்ந்த ராஜ திராவகத்தில் கரையும். நைட்ரிக் தங்கத்தின் எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. குளோரைடு உடனே அந்தத் தங்க அயனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்ப உலோகமாக விடாமல் காக்கிறது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. கரைந்த தங்கம் தனியாக இருந்தால் தண்ணீருக்கு நல்ல மஞ்சள் நிறம் தரும். ஆனால் பட்டறைத் தண்ணீரில் தங்கம் தனியாக இருப்பதில்லை. செம்பு இருக்கிறது, பற்றவைப்பின் துத்தநாகம் இருக்கிறது, அரத்திலிருந்து வந்த இரும்பு இருக்கிறது. செம்பின் பச்சை எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 50 மில்லிகிராம் தங்கம் இருக்கிறது என்று வையுங்கள். எந்த ஆசாரியின் கண்ணுக்கும் அது தெரியாது. ஐம்பது ஆண்டு பழகிய கண்ணாக இருந்தாலும் தெரியாது. 20 லிட்டர் கேனில் அது ஒரு கிராம். எட்டுக் கேன் கொட்டினால் ஒரு சவரன் போயிற்று. உரைகல்லில் மாற்றுப் பார்க்கும்போது கால் மாற்றுக்கு வாதாடுகிற நாம், சாக்கடையில் சவரன் கணக்கில் விடுகிறோம். ஸ்டானஸ் குளோரைடு துளியோ லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும்.

கண் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1940 ஏப்ரல் 9, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. அங்கே நீல்ஸ் போர் நடத்திவந்த இயற்பியல் நிறுவனத்தில் இரண்டு நோபல் பதக்கங்கள் இருந்தன. மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இரண்டு ஜெர்மன் அறிஞர்களுடையவை. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெருங்குற்றம். பதக்கத்தில் லாவேயின் பெயர் பொறித்திருந்தது. பிடிபட்டால் அவர் கதி என்ன ஆகும்? அங்கே வேலை செய்த ஹங்கேரிய வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெஸி, புதைத்துவிடலாம் என்றார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் மறுத்தார். உடனே ஹெவெஸி ராஜ திராவகத்தை எடுத்தார். வீதியில் படை அணிவகுத்துப் போய்க்கொண்டிருக்க, உள்ளே இரண்டு பதக்கங்களும் மெல்ல மெல்லக் கரைந்தன. அந்தக் காலத்து நோபல் பதக்கம் 23 காரட் தங்கம், ஒன்று ஏறக்குறைய 200 கிராம். அவ்வளவு கனத்த தங்கத்தைக் கரைப்பது லேசான வேலை அல்ல.

கரைந்த தங்கம் ஒரு குடுவையில், மற்ற ஆசிட் குப்பிகளோடு அலமாரியில் இருந்தது. நிறுவனத்தை ஜெர்மானியர் சோதனையிட்டார்கள், அந்தக் குடுவையை யாரும் தொடவில்லை. 1943-இல் ஹெவெஸியே சுவீடனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. உலகப் போர் முடிந்தபின் குடுவை வைத்த இடத்திலேயே கிடைத்தது. தங்கத்தை இறக்கி எடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார்கள். நோபல் அறக்கட்டளை அதைக் கொண்டே பதக்கங்களை மீண்டும் வார்த்துக் கொடுத்தது. தேடி வந்தவர்களில் ஒருவருக்காவது ஒரு துளி ஸ்டானஸ் குளோரைடு பற்றித் தோன்றியிருந்தால் எல்லாம் அம்பலமாகியிருக்கும். கண்ணை மட்டும் நம்பினார்கள், கடந்து போனார்கள். அன்று அது நல்லதற்கு ஆயிற்று. நம் பட்டறையில் நடந்தால் நட்டம்.

இனி சோதனைக்கு வருகிறேன். கரைந்த தங்கத்தோடு ஸ்டானஸ் குளோரைடு சேர்ந்தால் ஊதா நிறம் வரும். தங்கம் அதிகமாக இருந்தால் கறுப்பாகவே தெரியும். கிளாபர் என்ற ஜெர்மானியர் 1659-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் 1685-இல் தங்கத்தைப் பற்றி நூல் வெளியிட்ட ஆந்த்ரேயாஸ் காசியஸின் குடும்பப் பெயரே நிலைத்துவிட்டது. காசியஸ் ஊதா என்பார்கள். கண்ணாடிக்கு மாணிக்கச் சிவப்பு ஏற்றவும், பீங்கானில் இளஞ்சிவப்புத் தீட்டவும் ஐரோப்பாவில் இந்தப் பொடியைப் பயன்படுத்தினார்கள். மஞ்சள் உலோகத்திலிருந்து ஊதா எப்படி வந்தது என்ற கேள்விக்கு மட்டும் இருநூறு ஆண்டுக்கு மேல் தெளிவான விடை இல்லை. வியன்னாவில் பிறந்த ரிச்சர்ட் சிக்மாண்டி, அது மிக நுண்ணிய தங்கத் துகளும் வெள்ளீய ஆக்சைடும் கலந்த கலவை என்று நிறுவினார். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வெள்ளீய அயனி தன் எலக்ட்ரானைத் தங்க அயனிக்குக் கொடுத்துவிடுகிறது. தங்கம் மறுபடியும் உலோகமாகிறது. ஆனால் கட்டியாக அல்ல, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத துகளாக. அந்த அளவில் தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால் மிஞ்சியது சிவப்பாகவும் ஊதாவாகவும் நம் கண்ணுக்கு வருகிறது. மாணவர்களே, நானோ துகள் என்று நீங்கள் இன்று படிப்பதை ஒரு பட்டறைக்காரர் காதுகுடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் தினமும் உண்டாக்குகிறார்.

சோதனைத் திராவகத்தைச் செய்வது கடினமில்லை. ஒரு கிராம் சுத்தமான வெள்ளீயச் சீவலை 30 மில்லி ஹைட்ரோகுளோரிக்கில் போட்டு இளஞ்சூட்டில் கரைத்தால் போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உருக்குகிற அதே வெள்ளீயம்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. ஆனால் கடையில் ஈயம் என்று கேட்டால் காரீயம் கலந்த கட்டியும் கிடைக்கும். காரீயம் வெள்ளைப் படிவாக இறங்கித் திராவகத்தைக் கலக்கும். ஆகவே சுத்தம் தெரிந்த வெள்ளீயமே வேண்டும்.

நான் ஏமாந்த இடம் இதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. ஸ்டானஸ் குளோரைடு நிலையான சரக்கு அல்ல. குப்பியைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டானிக் ஆக்கிவிடும். ஸ்டானிக்கிடம் தங்கத்துக்குக் கொடுக்க எலக்ட்ரான் இல்லை. பார்வைக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெளிந்த நீர். நிறத்தில் வேறுபாடு கிடையாது. அதனால் குப்பியின் அடியில் எப்போதும் ஒரு துண்டு வெள்ளீயம் கிடக்க வேண்டும். அது ஸ்டானிக்கைத் திரும்ப ஸ்டானஸ் ஆக்கிக்கொண்டே இருக்கும். ஹைட்ரோகுளோரிக்கும் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியும் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. குப்பியின் மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

இன்னொரு சிறு குப்பி வேண்டும், பட்டறைக்காரர்களே. சுத்தத் தங்கத்தில் 30 மில்லிகிராம் எடுத்து ராஜ திராவகத்தில் கரைத்து, நைட்ரிக்கை ஓட்டிவிட்டு, 30 மில்லிக்கு ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கு வரும். சோதிக்கும்போதெல்லாம் வடிதாளில் மூன்று பொட்டு வையுங்கள். முதற்பொட்டு வெறும் ஹைட்ரோகுளோரிக். இரண்டாவது இந்தத் தெரிந்த தங்கம். மூன்றாவது சோதிக்க வேண்டிய தண்ணீர். மூன்றிலும் ஸ்டானஸ் குளோரைடு ஒவ்வொரு துளி. முதலில் நிறம் வரக் கூடாது. இரண்டாவதில் ஊதா வந்தே ஆக வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மூன்றாவது பொட்டு சொல்வதைக் கேட்கலாம். மாற்றுத் தெரிந்த மாதிரித் தங்கமான மச்சம் இல்லாமல் உரைகல்லில் உரசிப் பார்த்து மாற்றுச் சொல்ல நீங்கள் ஒப்புவீர்களா? இதுவும் அப்படித்தான்.

நியூயார்க்கில் 1940-இல் சி. எம். ஹோக் என்ற பெண்மணி நகைப் பட்டறைக் கழிவிலிருந்து உயர் உலோகங்களைப் பிரிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். வீட்டிலும் சிறு பட்டறையிலும் இந்த வேலை செய்கிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். சொந்தச் சரக்கைத் தொடும் முன், தெரிந்த உலோகத்தைக் கரைத்துச் சோதித்துக் கண்ணையும் கையையும் பழக்கிக்கொள் என்பது அவர் காட்டிய வழி. அதற்கு மேலான பாலபாடத்தை நான் எங்கும் கண்டதில்லை.

நிறங்களைப் படிப்பதில் ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிளாட்டினம் இருந்தால் மஞ்சள் முதல் ஆரஞ்சுச் சிவப்பு வரை வரும். வெள்ளைத் தங்க நகையில் பல்லேடியம் இருக்கலாம். அது பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பாதரசம் கலந்திருந்தால் வெள்ளையாகக் கலங்கிச் சாம்பல் கறுப்பாகும், அதைத் தங்கம் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்பு மிகுந்த தண்ணீர் ஸ்டானஸை முதலில் தானே தின்றுவிடும், ஆகவே இரண்டு மூன்று துளி கூடுதலாக விட்டுப் பாருங்கள். சோதனையை எப்போதும் தாளில் செய்யுங்கள், மூலச் சாடிக்குள் ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டும் விழக் கூடாது. விழுந்தால் தங்கம் கூழாகி வடிகட்டியில் நிற்காமல் ஓடும், அல்லது வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சோதித்த தாள்களையும் எறியாதீர்கள். அவற்றுக்கென்று ஒரு சாடி வையுங்கள், அதிலும் தங்கம்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை மிச்ச நைட்ரிக். ஸ்டானஸ் தன் எலக்ட்ரானைத் தங்கத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே நைட்ரிக் வழிமறித்துப் பறித்துக்கொள்ளும். ஊதா சட்டென்று மின்னி மறையும், அல்லது தோன்றவே தோன்றாது. சாடியில் நிறையத் தங்கம் இருந்தும் தாள் இல்லை என்று சொல்லும். பட்டறையில் அவசரத்தில் ஊற்றுகிற நைட்ரிக் எப்போதும் தேவைக்கு மேல்தான். ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்குக் கணக்குப்படி அரை மில்லிக்கும் குறைவான அடர் நைட்ரிக்கே போதும். செம்பு இருந்தால் கூடும், புகையாகவும் கொஞ்சம் போகும். ஆனாலும் கால் குவளை, அரைக் குவளை என்று ஊற்றத் தேவையே இல்லை. துளித் துளியாக விட்டு, பொங்கல் அடங்கியபின் அடுத்தது என்று போனால் மிச்சமே இருக்காது.

யூரியா போட்டால் நைட்ரிக் ஒழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். யூரியா நைட்ரஸ் அமிலத்தைத்தான் அழிக்கும், நைட்ரிக்கை அல்ல. நுரை வந்து நின்றதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். ஹைட்ரோகுளோரிக் சேர்த்துக் கொதிக்காத சூட்டில் பாகுபோல் வற்றவைத்து, மறுபடி சேர்த்து மறுபடி வற்றவைத்து, நைட்ரிக்கை ஓட்டுவதே நம்பகமான பழைய வழி.

அன்னபேதிச் சோதனையும் நல்லதுதான். துளியில் ஒரு படிகத்தைப் போட்டால் தங்கம் பழுப்புத் தூளாகப் படிகத்தைச் சுற்றி இறங்கும். ஆனால் மாணவர்களே, பிளஸ் டூவில் நைட்ரேட்டுக்குச் செய்த பழுப்பு வளையச் சோதனையை நினைவில் கொண்டுவாருங்கள். அங்கேயும் இதே ஃபெரஸ் சல்ஃபேட்தான். நைட்ரிக் மிகுந்த தண்ணீரில் தங்கமே இல்லாமலும் பழுப்பு தோன்றும். ஸ்டானஸ் அங்கே உண்டு என்பதை இல்லை என்கிறது, அன்னபேதி இல்லை என்பதை உண்டு என்கிறது. இரண்டு பொய்க்கும் காரணம் ஒரே நைட்ரிக்.

சோதனை சரியாக நடந்து, தெரிந்த தங்கம் ஊதா காட்டி, உங்கள் தண்ணீர் இல்லை என்கிறது. அப்போதாவது கொட்டலாமா? அடியைப் பாருங்கள். கரையாத செம்புத் துண்டு ஒன்று சாடியில் கிடந்தாலும், கரைந்த தங்கம் அதன் மேல் திரும்ப வந்து படியும், செம்பு அதற்குப் பதிலாகக் கரையும். கறுப்புச் சேறுபோல அடியில் கிடப்பது அழுக்கு அல்ல, அதுதான் தங்கம். தண்ணீரில் தங்கம் இல்லை என்று தாள் சொன்னது உண்மை. சாடியில் தங்கம் இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரியாமல் சேற்றோடு சேர்த்துக் கவிழ்த்தவர்களை நான் நேரில் அறிவேன்.

உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராஜ திராவகத்திலிருந்து எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போனால் அந்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விடும். சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள்கூடக் கழித்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரவு நன்றாகப் படுத்தவர் எழ முடியாமல் போகலாம். புகையைச் சுவாசித்துவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். சமையலறையிலும் மாடிப்படிக்குக் கீழும் இந்த வேலை கூடவே கூடாது. புகைபோக்கிக் கூண்டு இல்லாத அறையில் நான் ஒரு மாணவனையும் செய்ய விடமாட்டேன். ராஜ திராவகத்தை இறுக்க மூடிவைத்தால் வாயு சேர்ந்து குப்பி வெடிக்கும். கரைந்த தங்கத்தோடு அம்மோனியாவைச் சேர்த்தால் உருவாகும் படிவு காய்ந்ததும் ஓர் உரசலில் வெடிக்கும். பழைய ரசவாதிகள் நவச்சாரமும் நைட்ரிக்கும் சேர்த்துத் தங்கத்தைக் கரைத்து, பிறகு காரம் சேர்த்து, இந்த வெடிப்பொருளில் மாட்டிக்கொண்டார்கள்.

பட்டறைகள் மட்டும் அல்ல. பழைய கணினிப் பலகைகளை ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுக்கிற வேலை தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் ஏழை வீட்டு முற்றங்களில் நடந்துவந்திருக்கிறது. மொராதாபாத்தில் கழிவு ராம்கங்கை ஆற்றங்கரைக்குப் போயிற்று. மின்னணுக் கழிவுக்கு 2011-இல் விதிகள் வந்தன, 2022-இல் புதிய விதிகள் வந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவில்லாமல் அந்த வேலையைச் செய்வது சட்டப்படி தவறு. நம் ஊரில் நொய்யல் ஆறு பட்டது போதும். தங்கம் இல்லாத தண்ணீரும் சாக்கடைக்கு உரியது அல்ல. இரும்புத் துண்டு போட்டுச் செம்பை இறக்கி, சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறித்து, மிஞ்சிய உலோகங்கள் சேறாக இறங்கியபின், அந்தச் சேற்றை உரிமம் பெற்ற கழிவு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பட்டறை நண்பர்களே, நாளைக் காலை கடை திறந்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஸ்டானஸ் குளோரைடு குப்பியை எடுத்து, தங்கம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு துளியில் விட்டுப் பாருங்கள். ஊதா வராவிட்டால் அந்தக் குப்பியை விலக்கி வைத்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். அதைக் கொண்டு இல்லை என்று முடிவு கட்டி மூலையில் வைத்திருக்கும் கேன்கள் ஒவ்வொன்றையும் மறுபடி சோதியுங்கள். அதுவரை ஒரு கேனையும் கொட்டாதீர்கள். செய்யத் தயங்குகிறவர்கள் கேனிலிருந்து சிறு குப்பி அளவு எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். மூன்று பொட்டும் உங்கள் எதிரிலேயே வைத்துக் காட்டுகிறேன்.